துண்டுக்கு அடியில் ஒரு கை

அந்த நாளில் ஆம்பூரில் பெண் குழந்தைகளைத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள். பள்ளிக்கூடமே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்து வீடு வீடாக அனுப்பும். அவள் கதவைத் தட்டி, குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போய், மாலையில் அதே வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். 1924 ஜூன் மாதம் முதல் பட்டைக் கிடங்குத் தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு சந்துகளிலும் அந்த வேலையைப் பார்த்தவள் மரியம்மாள். பதினோரு வீடு, பதினான்கு குழந்தைகள். எந்த வீட்டுக் கதவை எத்தனை முறை தட்ட வேண்டும், எந்தக் குழந்தைக்கு எந்தக் காலில் செருப்பு கடிக்கிறது என்பது வரைக்கும் அவளுக்கு மனப்பாடம்.

அவளுடைய அண்ணன் தானியேல் தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிறவன். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த தழும்பையும் கத்தி பட்ட கீறலையும் கண்டுபிடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரித்துப் போடுவான். ஒரு நாளைக்கு முந்நூறு தோல் அவன் கைக்கு வரும். ஒன்றில் பிசகினாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. தங்கை விஷயத்திலும் அப்படித்தான் இருந்தான். அவளைவிட ஏழு வயது மூத்தவன். அவளைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் அதையும் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பான்.

மரியம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். கடையில் ‘உப்பு’ என்று கேட்பதற்குள் முகம் சிவந்துபோகும். தானியேல் பக்கத்திலேயே நிற்பான். “உப்பு வேணுமாம், அரை வீசை” என்று அவனே சொல்லிவிடுவான். கோயிலில் உபதேசியார் கேட்கிற கேள்விக்கும் அவன்தான் பதில். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முடித்துவிடுவான். அதைப் பெரிய ஒத்தாசை என்று நினைத்திருந்தான்.

பிறகு இரண்டு வருஷம் பேரணாம்பட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். திரும்பி வந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் யாரோ காக்கை குரலில் பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தான். மரியம்மாள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் மூன்று பேருக்கு நடுவில் குந்தியிருந்தாள். காக்கையாகப் பேசினாள், நரியாகப் பேசினாள், தாசில்தாராகக்கூடப் பேசினாள். ஒரு எழுத்து திக்கவில்லை. அவனைப் பார்த்ததும் எழுந்து, “அ... அ... அண்ணா” என்றாள். வேறு ஒருவராக நின்று பேசும்போது மட்டும் அவள் நாக்கில் முடிச்சு இல்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் ஊரில் இல்லாத இரண்டு வருஷத்தில் அவளே கண்டுபிடித்திருந்தாள்.

குழந்தைகளை அழைத்து வரும் வேலை கிடைத்ததும் அந்த வித்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்தாள். காலையில் முதல் வீட்டு வாசலிலேயே அவள் ஆட்டுக்காரன் முத்தப்பன் ஆகிவிடுவாள். முத்தப்பனுக்கு ஆடுகள் தொலைந்துவிட்டன. ஒவ்வொரு கதவாகத் தட்டி, “எங்க ஆட்டைப் பாத்தீங்களா?” என்று கேட்பான். வெளியே வருகிற குழந்தை அன்றைக்குத் தான் எதுவாக இருக்கிறது என்று சொல்லி, பார்த்ததைச் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் கதை அதை ஏற்றுக்கொள்ளும். வேண்டாம் என்று எந்தக் குழந்தையையும் தள்ளியது கிடையாது.

“நான் ரயிலு” என்பாள் தோல் பதனிடும் பட்டையை இடிக்கிற கூலிக்காரரின் மகள் சம்பங்கி. தெருவுக்கே கேட்கும் குரல் அவளுக்கு. “ஜோலார்பேட்டை போய்க்கினு இருக்கேன். ஒரு ஆடு டிக்கெட் இல்லாம ஏறிச்சு.”

“ஏறினா இறக்கி வுட வேண்டியதுதானே?”

“அது கார்டு ஐயாகிட்ட பேசிக்கினு இருக்குது.”

பேசக் கூச்சப்படுகிற குழந்தை முதலில் சும்மா நாயாகக் குரைக்கும். நாலு நாளில் அந்த நாய் பேசும். இப்படிப் பதினோரு வாசல் தாண்டிப் பள்ளிக்கூடம் வரும்போது ஆடுகளும் அகப்பட்டுவிடும், குழந்தைகளின் வாயும் திறந்திருக்கும்.

திறக்காத வாய் ஒன்றே ஒன்று. அது முதல் வீட்டிலேயே இருந்தது.

அது தானியேல் வேலை பார்த்த ஷாப்பின் கிடங்கு மேஸ்திரி நயீம் அகமதுவின் வீடு. அவருடைய மகள் அஃப்ஸர் ஜஹான். வீட்டுக்குள் அந்தக் குழந்தை உருதுவிலும் தமிழிலும் ஓயாமல் பேசும். அவள் அம்மா அக்தரி பேகம் படுதாவுக்குப் பின்னால் இருந்து, “காது வலிக்குது மரியா, சீக்கிரம் கூட்டிக்கினு போ” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். வாசற்படி தாண்டினால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் அம்மா’ என்ற ஒரு சொல் வராது. 1925 பிப்ரவரியில் சோதனை செய்ய வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் புத்தகத்தில், ‘இக்குழந்தை ஊமை போலும், இவ்வகுப்புக்குத் தகாது’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த வரியைப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா வாசித்துச் சொன்னபோது நயீம் அகமது கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஷாப்பில் தானியேலிடம், “எம் பொண்ணு ஊமையா? ஊமைன்னு எழுதிட்டாங்க தானியேல்” என்று இரண்டு முறை சொன்னார். அதோடு குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருப்பார். மரியம்மாள்தான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சி, இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கினாள்.

அந்த வருஷம் அவள் ஒரு புது வேஷத்தைக் கண்டுபிடித்தாள். தோல் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவர் கையின்மேல் தரகர் ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரல்களைப் பிடித்துப் பேசுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. பிடித்து விட்டு மறுபடி ஒரு விரலைப் பிடித்தால் ஆறு. சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் ஒன்றும் தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் மாற்றக் கூடாது.

அஃப்ஸர் ஜஹான் தரகர் ஆனாள். வாயே திறக்க வேண்டாத வேஷம், ஆனால் கதையில் அவள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு வாசலிலும் முத்தப்பன் நின்று, “தரகரே, இதுவரைக்கும் எத்தனை ஆடு போச்சு?” என்று கேட்பான். குழந்தை மரியம்மாளின் முந்தானைக்கு அடியில் கையை விட்டு அவள் விரல்களைப் பிடிக்கும். மரியம்மாள் எண்ணிக்கையைக் கூவுவாள். சில நாள் வேண்டுமென்றே தப்பாகக் கூவுவாள். அப்போது முந்தானைக்குள் விரல் நசுங்கும். துண்டு எடுபடுவதற்குள் தப்பைத் திருத்தியாக வேண்டுமே. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மூன்றை ஐந்து என்று கூவியபோது, இடுப்புக்குப் பக்கத்திலிருந்து மெல்ல, “நை” என்று கேட்டது. அவள் வீட்டு உருதுவில் ‘இல்லை’.

அன்று மாலை மரியம்மாள் அம்மியில் அரைத்துக்கொண்டே அண்ணனிடம் இதைச் சொன்னாள். ‘நை’ என்ற அந்த ஒரு சொல்லைத் தானியேல் அவள் வாயிலிருந்து மூன்று முறை கேட்டு வாங்கினான். பிறகு கூவுகிற வேலையை அவள் சம்பங்கியிடம் கொடுத்தாள். தை மாதத்துக்குள் அஃப்ஸர் ஜஹான் சம்பங்கியின் காதில் இரண்டு மூன்று சொல் பேசும் அளவுக்கு வந்திருந்தாள்.

1926 பிப்ரவரி ஆறாம் தேதி, சனிக்கிழமை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருவதற்குப் பதினோரு நாள் இருந்தது. தானியேல் தோல் விரித்துக்கொண்டிருந்தான். நயீம் அகமது வந்து அவன் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா தானியேல், உன் தங்கச்சி எம் பொண்ண தரகர் ஆக்கிட்டாளாமே?”

“விளையாட்டு சாயபு. சும்மா கொழந்தைங்களுக்கு...”

“நடுத்தெருவுல துணிக்குள்ள கைய வுட்டுக்கினு நிக்குதாம். சந்தைக்காரன் பாத்துட்டு வந்து எங்கிட்டயே சொல்லிச் சிரிக்கிறான். ‘மேஸ்திரி, உங்க பொண்ணு இன்னா ரேட்டு சொல்லுது’ன்னு கேக்குறான். நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?”

தானியேல் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தான். எந்தக் குவியலில் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

“நாளையிலேர்ந்து துண்டு கிண்டு ஒண்ணும் கூடாது. இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால வாய தெறந்து பேசட்டும். பேசலன்னா வீட்டோட இருக்கட்டும். உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு.”

தானியேல் சொன்னான். மரியம்மாள் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை அவளே நயீம் அகமதுவின் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள். “பே... பேசுவா சாயபு. பேசலன்னா நானே கொண்டாந்து வுட்டுட்டு, இந்த வாசப்படிய மறுபடி மிதிக்கமாட்டேன்.”

“ஏண்டி இப்படி வாக்கு குடுத்த?” என்று தானியேல் அன்று மாலை கேட்டான். “நான் பேசி இன்னும் ஒரு மாசம் வாங்கியிருப்பேன்ல?”

“நீ பேசியிருப்ப” என்றாள் அவள், திக்காமல்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் மோசமாகப் போயிற்று. மரியம்மாள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். அஃப்ஸர் ஜஹானுக்குக் கிணறு வேஷம் கொடுத்தாள், மணி வேஷம் கொடுத்தாள். குழந்தை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சம்பங்கியின் காதில் பேசுவதும் நின்றது. ஏழாம் நாள் கூட்டத்துக்குக் கடைசியில், எல்லோரையும்விட நாலு அடி பின்னால் நடந்தாள். ‘முந்தி மாதிரி ஆய்ட்டா’ என்று அன்று இரவு சாப்பிடும்போது மரியம்மாள் அண்ணனிடம் சொன்னாள். சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். தானியேல் மீதியைத் தின்னச் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி, புதன்கிழமை. தானியேலும் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ‘தோல்’ என்று ஒரு பாடம் நடத்திக் காட்டப் பெரிய டீச்சரம்மா ஏற்பாடு செய்திருந்தார். பச்சைத் தோல் ஒன்று, சுண்ணாம்பில் ஊறியது ஒன்று, ஆவாரம்பட்டையில் பதனிட்டது ஒன்று ஆக மூன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். சிசு வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே, நடையில், மரியம்மாள் நின்றிருந்தாள். அழைத்து வருகிறவர்களுக்கு வகுப்புக்குள் இடமில்லை.

“வீட்லேர்ந்து வர்ற வழியில கொழந்த ஏதாவது பேசிச்சா?” என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் மூக்குக் கண்ணாடி போட்ட வயதானவர். வகுப்பில் முப்பத்திரண்டு குழந்தைகள். அவரே பதிவேட்டைக் கையில் எடுத்துப் பெயர் வாசித்தார். ‘உள்ளேன் அம்மா’, ‘உள்ளேன் அம்மா’ என்று ஒவ்வொன்றாக வந்தது. தானியேல் எண்ணிக்கொண்டிருந்தான். ஏழாவது பெயர்.

“அஃப்ஸர் ஜஹான்.”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் தலையை உயர்த்தினார். போன வருஷத்துப் புத்தகம் மேசையில்தான் இருந்தது. பெரிய டீச்சரம்மா, “அந்தக் குழந்தை, அம்மா...” என்று ஆரம்பித்தார்.

“இருங்கள். அஃப்ஸர் ஜஹான், எழுந்து நில் குழந்தை. உனக்கு என்ன வயது?”

குழந்தை எழுந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதடு ஒட்டியிருந்தது. மரியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பேனாவை எடுத்தார்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பங்கி எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த தன் சின்ன மேல்துணியை உருவி, தோழியின் கைமேல் போட்டு, தன் கையையும் உள்ளே விட்டாள். சந்தையில் நிற்கிற ஆளைப்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“இது என்ன?” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள்.

“தரகர் வயசு சொல்றாரு” என்றாள் சம்பங்கி. துணிக்குள் கைகள் அசைந்தன. சம்பங்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவில் கூவுகிற அதே குரலில் கூவினாள். “ஏழு!”

பெரிய டீச்சரம்மாவின் முகம் வெளுத்தது. பதிவேட்டில் ஆறு என்று இருந்தது. வயதைத் தப்பாக எழுதியிருந்தால் அது பள்ளிக்கூடத்தின் குற்றம். தானியேலுக்குப் புரிந்துவிட்டது. அவசரத்தில் குழந்தையின் பிடி தவறியிருக்கிறது. முழுக் கையைப் பிடித்து விட்டு ஒரு விரலைப் பிடித்ததில் இரண்டு விரல் பட்டிருக்கிறது. சந்தையில் அவன் எத்தனையோ முறை பார்த்த தப்பு.

சம்பங்கி துணியை எடுக்கப் போனாள்.

எடுத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் மாற்ற முடியாது. அது மரியம்மாளோடு நடந்து வந்த குழந்தைகளுக்குத்தான் தெரியும். அஃப்ஸர் ஜஹான் சம்பங்கியின் மணிக்கட்டைத் துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

“சே! சாத் நை, சே!”

வீட்டுப் பாஷை. ஆறு, ஏழு இல்லை, ஆறு.

“தமிழில் சொல்லேன்” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள், மெதுவாக.

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. சம்பங்கியைத்தான் முறைத்தாள். “ஆறு. உனக்கு எப்பவும் சரியா கூவத் தெரியல.”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். “யார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?”

குழந்தைகளின் கைகள் ஜன்னல் பக்கம் நீண்டன. மரியம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வாசலில் போய் நின்றாள். “நீ என்ன செய்கிறாய் என்று சொல்” என்றார் அம்மாள்.

“ந... ந... நா...”

தானியேலின் கால் தானாக முன்னால் போயிற்று. இருபது வருஷத்துப் பழக்கம். வார்த்தைகள் வாயில் தயாராக இருந்தன: ‘என் தங்கச்சிங்க, கொழந்தைங்கள கூட்டியார்றவங்க, வழியில கதை...’ மரியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை மட்டும் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவன் நின்றான். அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கடைசி வரைக்கும் காத்திருந்தார். தோல் பாடத்துக்கு அன்றைக்கு நேரம் இல்லாமல் போயிற்று. மூன்று தோல்களையும் அவன் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

ஷாப்பில் நயீம் அகமது வாசலிலேயே காத்திருந்தார்.

“பேசிச்சா?”

“பேசிச்சு சாயபு.”

“இன்னா சொல்லிச்சு?”

“சே, சாத் நைன்னு சொல்லிச்சு. அப்புறம் தமிழ்ல ஆறுன்னு சொல்லிச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு.”

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு கண்கள் சுருங்கின. கிடங்கில் முப்பது வருஷம் ஆள் பார்த்தவர் அவர்.

“ஆறு, ஏழு. எண்ணிக்கை. துண்டு இருந்துச்சா?”

இருந்தது. அவர் கூடாது என்று சொன்னது. மரியம்மாள் போடச் சொல்லவில்லை என்பதை இரண்டு வரியில் சொல்லி அவரைச் சமாதானம் செய்துவிட அவனால் முடியும். அவளைவிட அவன் நன்றாகவே பேசுவான். தானியேல் சாக்கின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினான்.

“அத நீங்க மரியாகிட்டயே கேளுங்க சாயபு.”

“நீ சொல்ல மாட்டியா?”

“அவ சொல்லுவா. கொஞ்சம் நேரம் ஆவும். நீங்க நிக்கணும்.”

நயீம் அகமது அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. காலையில நீயும் வா.”

மறுநாள் காலை மரியம்மாள் முதல் வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டினாள். வழக்கமாகக் குழந்தை வரும். அன்று நயீம் அகமது வந்தார். தானியேல் தெருவில் நின்றான். படுதா அசைந்தது, அக்தரி பேகம் அதன் பின்னால் இருந்தாள்.

“துண்டு இருந்துச்சா?” என்று அவர் கேட்டார்.

மரியம்மாள் முத்தப்பனாகச் சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் சொல்லியிருப்பாள். அவள் முத்தப்பன் ஆகவில்லை. “இ... இ... இருந்துச்சு சாயபு. நா... நான் போடல. கொ... கொழந்தைங்களே போட்டுக்கினாங்க. வா... வாக்கு தப்பிப் போச்சுன்னா, நான் வ... வரல.”

தானியேல் தன் உதட்டைப் பற்களால் கடித்துக்கொண்டு நின்றான். தெருக்கோடியில் பட்டை வண்டி ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டது.

படுதாவுக்குப் பின்னால் அக்தரி பேகம் உருதுவில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழில், வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, “எல்லாரும் பேசுறீங்க. அவளக் கேளுங்க” என்றாள்.

நயீம் அகமது திரும்பினார். அஃப்ஸர் ஜஹான் தலை வாரி, பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியின் உட்பக்கம் நின்றிருந்தாள். இத்தனை நாளும் அந்தப் படியில்தான் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். வெளியே மரியம்மாள், தானியேல், எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு வண்டிக்காரர்கள்.

“போறியா?” என்று அவர் கேட்டார்.

குழந்தை வண்டிக்காரர்களைப் பார்த்தாள். தானியேலைப் பார்த்தாள். அப்புறம் படியைத் தாண்டி வந்து மரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் சொன்னாள்.

“போவணும். சம்பங்கி தப்பாவே கூவுறா.”

வண்டிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நயீம் அகமது அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வழியை விட்டு ஒதுங்கி நின்றார். மரியம்மாள் இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்த முந்தானையை உருவித் தோளில் விட்டுக்கொண்டு இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“எங்க ஆட்டைப் பாத்தீங்களா?”